முள்

பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்குகிறது என்றார்
ஜெசிந்தா டீச்சர்.
சாவியை மேசையில் வைக்கவில்லை,
கைக்குள்ளேயே வைத்திருந்தார்.
கோரிமேட்டில் என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதி
ஏற்காட்டிலிருந்து இறங்குபவை,
கருகின பேடின் வாசனையை முன்னால் அனுப்பிவிட்டு.

ஸ்டீயரிங்கா, சீட்டா?
எப்போதும் இதுதான் என் முதல் கேள்வி.
சீட்டு உதறினால் பின் சக்கரத்தைப் பார்,
கை உதறினால் முன் சக்கரம்.
"கை" என்றார்.
அந்த ஒரு சொல்லை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்று
அப்போது யோசிக்கவில்லை.

அவர் ஓட்ட நான் பக்கத்தில்.
பதினாலாம் வளைவு வரை ஏறித் திரும்பினோம்.
இறக்கத்தில் இரண்டாம் கியர்.
பன்னிரண்டில் லேசாக,
ஒன்பதில் சுவரோரக் குரங்குக்காக மிதித்தபோது இன்னும் கொஞ்சம்,
அடிவாரம் தாண்டி நேர்ரோட்டில் அறுபதில் மிதித்தால்
பிடித்த கோழி மாதிரி உதறியது ஸ்டீயரிங்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள் ஊரில்.
வார்ப்பிரும்பு என்ன அப்பளமா?

சக்கரம் கழற்றினேன்.
கேலிபர் பின்கள் வழுக்கி ஓடின, அவை மேல் குற்றமில்லை.
டயல் கேஜை நிறுத்தி டிஸ்கை ஒரு சுற்று.
முள் பதினோரு கோடு போய்த் திரும்பியது.
ஒரு கோடு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று.
ஐந்து வரை பொறுக்கலாம்.
ஒரு தலைமயிரின் கனம்,
அதற்கு இத்தனை ஆட்டம்.

டிஸ்கைத் தட்டி எடுத்தேன்.
ஹப்பின் முகத்தில் துரு, சுண்டுவிரல் நகத்தளவு.
அதைச் சுரண்டாமல், ஒரு துணிகூட ஓட்டாமல்
புது டிஸ்கை மேலே உட்கார வைத்திருக்கிறான் ஒருவன்.
கோணலாய் உட்கார்ந்தது
மிதிக்காதபோதும் ஒரே இடத்தில் உரசும்.
உரசி உரசி அந்த இடம் மெலியும்.
மெலிந்ததும் மெலியாததும் மாறி மாறி வர
கால் கொடுப்பதைக் கை வாங்கும்.

யார் மாட்டியது என்று பில் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை.
ஆடிப் பண்டிகை வாரம்.
கோட்டை மாரியம்மனுக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது,
எனக்கும் ஷெட்டைப் பூட்டும் அவசரம்.

"டீச்சர், தப்பு என்னுதுங்க" என்றேன்.
கோபிப்பார் என்று நின்றேன்.
"அப்ப வண்டிதானா?"
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்,
"வண்டிதானா செங்கோடன்?"
பையிலிருந்து ஒரு பெரிய உறையின் மூலை தெரிந்தது,
அஞ்சு ரோட்டு ஸ்கேன் சென்டரின் பெயரோடு.
"ரெண்டு மாசமா என் கைன்னு நெனச்சேன்.
போர்டுல எழுதறதையே கொறச்சுட்டேன்."

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி தெரியும்வரை தேய்த்தேன்.
செவ்வாய்ப்பேட்டை லேத்தில் முபாரக்
இரண்டு டிஸ்கையும் ஒரு இழை சீவினான்.
கனம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று எட்டு இடத்தில் அளந்தேன்.
மறுபடி கேஜ். முள் இரண்டைத் தாண்டவில்லை.
காற்றுத் துப்பாக்கியைத் தொடாமல்
நட்டுகளை எதிரெதிராக, அளவு ரெஞ்சில், க்ளிக் கேட்கும்வரை.
பணமே வாங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
புது பேடுக்கு வாங்கினேன், லேத்துக்கு வாங்கினேன்,
கூலியை மட்டும் விட்டேன்.

பேட் படியவேண்டும்,
வண்டியை நிறுத்தாமல் பத்து தடவை மிதியுங்கள் என்றேன்.
அறுபதில் மிதித்தார். ஸ்டீயரிங் சும்மா இருந்தது.
ஏழாவது தடவை சிரித்துவிட்டார்.

அடிவாரக் கடையில் டீ.
தம்ளரைத் தூக்காமல் இரண்டு கையாலும் அணைத்தபடி
பெஞ்சிலேயே வைத்திருந்தார்.
டீயின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள்.
லாரி வருகிறது என்று ரோட்டைப் பார்த்தேன்.
ரோடு காலியாக இருந்தது.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும்
நட்டு ஒருதடவை பாக்கணுங்க" என்றேன்.
"வெள்ளிக்கிழமை டவுனுக்கு வருவேன்,
அப்படியே வர்றேன்" என்றார்.